குறை சொல்ல ஓர் ஆள்

"இனிமே அந்த மனுஷனை வாசப்படி மிதிக்க விடமாட்டேன்!"

கொடியில் காய்ந்துகொண்டிருந்த வண்ணக் காகிதங்களின் நடுவே நின்று நொயெமி சபதம் போட்டாள்.

அந்த மனுஷன் ஒக்தாவ். அவளுடைய முதலாளியான நீஸ் நகரத்து ஓவியர் அன்செல்மின் பள்ளிக்கூடத்து சிநேகிதர். தானும் ஓவியர் என்ற நினைப்பு வேறு. வியாழக்கிழமை தவறாமல் கைத்தடியைத் தட்டிக்கொண்டு வந்துவிடுவார். வந்தால் வாய் சும்மா இருக்குமா?

ஆபரேஷனுக்குப் பிறகு அன்செல்முக்குச் சக்கர நாற்காலிதான் கதி. கான்வாஸ் முன்னால் நிற்க முடியாது. மனிதர் அசரவில்லை. தூரிகையை வைத்துவிட்டுக் கத்திரியை எடுத்துக்கொண்டார்.

நொயெமி வெள்ளைத்தாளில் வண்ணம் பூசி உலர்த்திக் கொடுப்பாள். அவர் ஒரு கோடுகூடப் போட்டுக்கொள்ளாமல் சரசரவென்று வெட்டுவார். இலை வரும், மீன் வரும், ஆடுகிற பெண் வருவாள். நீளக் குச்சியால் அவர் காட்டுகிற இடத்தில் அவள் ஏணியேறிக் குண்டூசி குத்துவாள். இப்படியே சுவர் முழுக்க ஒரு தோட்டம் வளர்ந்துவிட்டது. வலது கோடி மட்டும்தான் பாக்கி.

"இந்தச் சுவர்தான்மா இப்ப அவருக்கு உசிர். மனசு விட்டுச்சுன்னா உடம்பும் விட்டுடும்" என்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

அப்பேர்ப்பட்ட சுவரைப் பார்த்து ஒக்தாவ் போன வாரம் பேசியது இது:

"என்னடா அன்செல்ம், கார்னிவல் திருவிழா எப்பவோ முடிஞ்சுபோச்சே! இன்னும் தோரணத்தைக் கழட்டலையா?"

"கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாருடா. அது மாதுளை."

"மாதுளையா? எனக்கு வயித்துவலி வந்த வெங்காயம் மாதிரி தெரியுது!"

"உனக்கு என்னைக்குடா கண்ணு தெரிஞ்சுது?"

"தூரிகை பிடிச்சா ஓவியன். கத்திரி பிடிச்சா தையல்காரன். அப்படியே எனக்கொரு கால்சட்டை வெட்டிக் குடேன், புண்ணியமாப் போகும்."

அன்செல்முக்குக் காது சிவந்துவிட்டது. ஒக்தாவ் போன பிறகும், "வெங்காயமாம்! காட்டறேன்டா உனக்கு" என்று கறுவிக்கொண்டே இருந்தார். மாதுளையைப் பிடுங்கச் சொல்லி வேறொன்று வெட்டினார். பொழுது சாயும்வரை கத்திரியைக் கீழே வைக்கவில்லை. சூப் ஆறிப் போனது. நோயாளியை இப்படியா கொதிக்க வைப்பது என்று நொயெமிக்கு வயிறு எரிந்தது.

அடுத்த வியாழன், சுடச்சுட சோக்கா என்கிற கடலைமாவு அடையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஒக்தாவ் வந்தார். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"ஐயா தூங்கறாரு."

"தூக்கத்துல கத்திரிச் சத்தம் கேக்குதே?"

"கேக்கும். நல்ல வார்த்தை ஒண்ணு சொல்ல வாய் வரலைன்னா, நீங்க இந்தப் பக்கம் வரவே வேணாம்."

ஒக்தாவ் பொட்டலத்தை அவள் கையில் திணித்துவிட்டுப் படியிறங்கினார்.

'விட்டது சனி' என்று நினைத்தாள் நொயெமி. அதோடு நிற்காமல் நல்ல மனிதர்களாகப் பார்த்து அழைத்து வந்தாள். கண்காட்சி நடத்துகிறவர் வந்தார், பாதிரியார் வந்தார், மாடி வீட்டு அம்மாள் வந்தாள்.

"அடடா! அற்புதம்!"

"சொர்க்கத்தையே இறக்கிட்டீங்களே!"

"இதுக்கு மேல என்ன இருக்கு!"

எல்லோருக்கும் சிரித்து நன்றி சொன்னார் அன்செல்ம். அவர்கள் போனதும் கத்திரியை மேசைமேல் வைத்தார்.

"ஐயா, வலது மூலை பாக்கியிருக்கே. பச்சைத் தாள் தரட்டுமா?"

"எதுக்கும்மா? அதான் எல்லாரும் நல்லாயிருக்குன்னு சொல்லிட்டாங்களே. போதும்."

அத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாளும் கத்திரியைத் தொடவில்லை. அதற்கு அடுத்த நாள் சாப்பாட்டையும் தொடவில்லை. ஒரே ஒரு தடவை மட்டும் கேட்டார்.

"அந்தக் கழுதை ஏன் வரலை? செத்துத் தொலைஞ்சுட்டானா?"

நொயெமிக்கு டாக்டர் சொன்னது நினைவு வந்தது. ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பழைய நீஸ் நகரத்துப் படிகளில் மூச்சிரைக்க ஏறி ஒக்தாவின் கதவைத் தட்டினாள்.

"ஐயா, நீங்க வரணும். வந்து... அவரைத் திட்டணும்."

ஒக்தாவ் சிரிக்கவில்லை. "கத்திரியைக் கீழ வெச்சுட்டானா?" என்றார்.

"ஆமா. நான்தான் ஊரைக் கூட்டிப் பாராட்ட வெச்சேன்."

"பள்ளிக்கூடத்துலேயே அவன் அப்படித்தாம்மா. பாராட்டினா படுத்துடுவான். மட்டம் தட்டினாத்தான் எழுந்திருப்பான்."

சொல்லிக்கொண்டே மேல்கோட்டை மாட்டி, தொப்பியையும் கைத்தடியையும் எடுத்துக்கொண்டார். வாசல்வரை வந்தவர் தயங்கி நின்றார். கண் கலங்கியிருந்தது.

"பொண்ணே, எனக்கொரு உதவி பண்ணு. நீ எந்நேரமும் அந்தச் சுவர் முன்னாடியே நிக்கிறவ. ஏதாவது ஒரு குறை இருந்தா சொல்லிக் குடும்மா. வாராவாரம் தேடித் தேடிப் பாக்கறேன், எனக்கு ஒண்ணுகூட அகப்பட மாட்டேங்குது!"