ஐந்து டிகிரி

குழந்தை இன்னும் ஒன்றுக்குப் போகவில்லை.

மணி இரண்டு இருபது. நர்ஸ் தொடையிடுக்கில் ஒட்டிவிட்டுப் போன சின்னப் பிளாஸ்டிக் பை காலையிலிருந்து காலியாகவே இருந்தது. பேதிக்கு மட்டும் குறைச்சலே இல்லை. பதினாலு தடவை வெறும் தண்ணீராய்ப் போயாயிற்று.

ரோட்டா வைரஸ் என்றார் டாக்டர். பிள்ளையின் அப்பன் அவனுக்கா தெரியாது? சக்கரம் மாதிரி இருக்கும் அந்தக் கிருமியின் படத்தைச் சுகாதார நிலையத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டியதே அவன்தான். கைக்குழந்தைகளுக்கு அதற்கான சொட்டு மருந்தைக் கொடுப்பதும், மருந்து இருக்கும் பிரிட்ஜைப் பார்த்துக்கொள்வதும்தான் எட்டு வருஷமாக அவன் வேலை. அந்தப் பக்கத்துத் தெருக்களில் எல்லோருக்கும் அவன் சொட்டு மாமா.

ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு கையிலும் ஒரு காலிலும் குத்திப் பார்த்துவிட்டார்கள். மூன்று மணிக்குள் பையில் எதுவும் விழவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரி மூன்று மணி நேரப் பயணம். நேற்று இதே வார்டிலிருந்து புறப்பட்ட ஒரு குழந்தையைப் பாதி வழியிலேயே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். ஏன் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அதுவரை இரண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் உப்பு சர்க்கரைத் தண்ணீர். கொடுத்ததும் கட்டிலில் தொங்கும் தாளில் ஒரு டிக். வேறு எதுவும் அவன் கையில் இல்லை.

ஆறு மாதப் பிள்ளை. கண் குழி விழுந்து, உச்சந்தலை பள்ளமாகி, கிழவனைப் போலக் கிடந்தான். அழுதான், கண்ணீர்தான் வரவில்லை.

“ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் சொட்டு மருந்து குடுத்தீங்களே, நம்ம பிள்ளைக்கு ஒழுங்கா குடுத்தீங்களா?” என்றாள் மனைவி. காலையிலிருந்து நாலாவது தடவையாகக் கேட்கிறாள்.

“மூணு தடவையும் என் கையாலதானே குடுத்தேன்.”

அது பொய்யில்லை.

வார்டில் ஒன்பது கட்டில். அதில் ஏழு கட்டில்காரர்களை அவனுக்குத் தெரியும். தகரக் கதவு வீடு, மாவு மில் வீடு, மாடியில் நாய் கட்டியிருக்கும் வீடு என்று வாசல் வாசலாய்த் தெரியும். அவர்கள் பக்கம் திரும்பவே கழுத்து மறுத்தது. சொட்டு மாமாவின் பிள்ளைக்கே வந்துவிட்டதே என்று அவர்கள் அவனுக்காகப் பரிதாபப்பட்டார்கள். அதைத்தான் அவனால் தாங்கவே முடியவில்லை.

பக்கத்துக் கட்டிலில் தையல்காரப் பெண். இரண்டு நாளாகத் தூங்காதவள். தலை தொங்கித் தொங்கி விழுந்தது. பென்சிலை எடுத்து, தன் குழந்தையின் தாளில் அடுத்த அரை மணி நேரத்துக்கும் சேர்த்துக் கடகடவென்று டிக் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

அவன் பாய்ந்துபோய்த் தாளைப் பிடுங்கினான்.

“குடுக்காததைக் குடுத்ததா எழுதாதம்மா! எழுதாத!”

வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் சுவரிலிருந்து சட்டென்று நிமிர்ந்தாள்.

“குடுத்துருவேன் மாமா... நர்ஸம்மா திட்டுவாங்கன்னு டிக்கை மட்டும்தான் முன்னாடியே போட்டேன்.”

அந்தப் பதினைந்து டிக்கையும் அவன் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து அழித்தான். தாள் கிழியப் பார்த்தது. பிறகு அவளைப் படுக்கச் சொல்லிவிட்டு, இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்று தானே இரண்டு வாயிலும் ஊட்டினான். இங்கே ஒரு ஸ்பூன், ஒரு டிக். அங்கே ஒரு ஸ்பூன், ஒரு டிக்.

இறங்குடா ராசா, இறங்கு. வயிற்றில் நின்றுவிடு. வாந்தியாக வந்துவிடாதே.

வெளியே ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம் கேட்டது.

“என்னங்க! பை... பை!” என்று கத்தினாள் மனைவி.

அடர்த்தியான மஞ்சளில் இரண்டு ஸ்பூன் அளவு. அம்மாடி! உலகத்தில் அவ்வளவு அழகான ஒன்றை அவன் பார்த்ததே இல்லை. மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள். ஓடிவந்து பார்த்த நர்ஸ், பிழைத்துக்கொண்டான், நேரத்தை எழுதுங்கள் என்றாள்.

கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு எழுதினான். இரண்டு ஐம்பத்திரண்டு.

தையல்காரப் பெண்ணின் குழந்தைக்கு ஒட்டிய பை காலியாகவே இருந்தது. மூன்று மணிக்கு ஸ்ட்ரெச்சர் அந்தக் கட்டிலுக்குத்தான் வந்தது. அவள் போகிற போக்கில் அவன் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“நீங்க பெத்த பிள்ளையைப் போலப் பார்த்துக்கிட்டீங்க மாமா.”

வண்டி கிளம்பும்வரை அவன் அப்படியே நின்றான். பிறகு வராந்தாவுக்கு வந்து, சுகாதார நிலையத்து அதிகாரிக்குப் போன் போட்டான்.

“சார், மருந்து பிரிட்ஜோட டெம்பரேச்சர் எழுதுற அட்டையைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க. என் பையன் பிறந்தப்போ நான் நாலு நாள் லீவுல போனேன் இல்லையா, அந்த நாலு நாளும் காலைல அஞ்சு டிகிரி, சாயங்காலம் அஞ்சு டிகிரின்னு எழுதியிருக்கும். கட்டம் காலியா இருந்தா திட்டு விழும்னு, கிளம்புறதுக்கு முன்னாடியே நான் எழுதி வச்சது சார்.”

அந்த நாலு நாளில் மூன்று நாள் கரண்ட் இல்லை. திரும்பி வந்த அன்றே சுகாதார நிலையத்துக்கு எதிர்வீட்டுக்காரர் அதைச் சொல்லிப் புலம்பினார். மருந்து சூடுபட்டுக் கெட்டால் கறுத்துக் காட்டும் வெள்ளைக் கட்டம், புட்டிகளில் கறுத்துத்தான் போயிருந்தது. ரொம்ப இல்லை, ரொம்ப இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவன் அந்த மருந்துப் பெட்டியையே பிள்ளைகளுக்குக் கொடுக்கத் திறந்தான். அதையும் போனில் சொன்னான்.

அதிகாரி அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“அந்தப் பெட்டி மருந்து எந்தெந்தப் பிள்ளைக்குப் போச்சு?”

அவனுக்கு எந்தப் பதிவேடும் தேவைப்படவில்லை. தன் வீட்டிலிருந்து ஆரம்பித்து, வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே போனான்.