ஊரைவிட்டுப் போகாதவள்

வேம்பனூரில் கொலைகள் வருடாவருடம் குறைந்துகொண்டே வந்தன. யார் கையால் யார் சாகக்கூடும் என்பதைக் காவல்துறைக் கணினி முன்கூட்டியே சொல்லிவிடும். உடனே, சாகக்கூடியவரை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

அன்று தையற்கடை செண்பகவல்லியின் பெயர் வந்தது.

"பிரிஞ்சு போன உன் புருஷனால ஆபத்தும்மா. கிளம்பு, வண்டி நிக்குது," என்றார் ஏட்டு.

"கொல்லப்போறவன் அவன். அவனை ஏத்துங்க, ஏட்டய்யா."

"அவன் இன்னும் ஒண்ணும் செய்யலையே."

"நான் மட்டும் என்ன செஞ்சுட்டேன்?"

அவள் தையல் இயந்திரத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்க் காவல் நிலைய வாசலில் இறக்கினாள்.

"இங்கயே தைக்கிறேன். என்னைக் காப்பாத்துறது உங்க வேலை."

சேதி பரவியது. முன்பு அனுப்பப்பட்ட பெண்கள், பேருந்து பிடித்து ஒவ்வொருவராக ஊர் திரும்பத் தொடங்கினார்கள்.