நானூறு அடி

ஏற வேண்டிய உயரத்தைக் குறித்து வைக்கும் பெட்டியில் ஏழாயிரம் அடி என்றிருந்தது. விமானம் ஐயாயிரத்து இருநூறைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

கட்டுப்பாட்டு அறை ஏறச் சொன்னது ஐயாயிரம் வரைக்கும்தான்.

துணை விமானி ஜெயராணி இரண்டு எண்களையும் பார்த்தாள்.

"சார், ஆல்டிட்யூட்," என்றாள்.

கேப்டன் முத்துகிருஷ்ணன் தானாக ஓட்டும் தானியங்கியைத் துண்டித்து விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தினார். அதே நேரம் 'டிராஃபிக், டிராஃபிக்' என்று இயந்திரக் குரலும் கத்தியது. பின்னால் உட்கார்ந்திருந்த நூற்று எழுபது பேருக்கும் வயிறு ஒருமுறை தொண்டைவரை வந்து போயிருக்கும்.

ஐயாயிரத்து நானூறில் நின்று, விமானம் இறங்கத் தொடங்கியது.

கார் நிக்கோபாரிலிருந்து வந்த சின்ன விமானம் ஆறாயிரத்தில், தலைக்கு மேலே குறுக்காகக் கடந்து போனது. அதன் இறக்கைக்கு அடியில் எழுதியிருந்த எழுத்துகளை ஜெயராணியால் படிக்க முடிந்தது.

கீழே கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? சென்னையில் இறங்கியதும் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்றார்கள். சரி என்று பதில் சொன்னாள்.

போர்ட் பிளேரிலிருந்து கிளம்பினால் மற்ற நாளெல்லாம் ஏழாயிரம்தான். கீழே கடல், மேலே வானம், குறுக்கே யாரும் கிடையாது. எட்டு மாதமாக இருவருக்கும் வாயும் கையும் ஏழாயிரத்துக்கே பழகிப்போயிருந்தன.

இன்றைக்கென்று பார்த்து ஐயாயிரம்.

அந்த உத்தரவும் நல்ல நேரம் பார்த்துத்தான் வந்தது. சக்கரம் மடங்கி முடித்திருந்தது. இறக்கை மடல்களை உள்ளே இழுக்க வேண்டும். எதிரே ஒரு கரிய மேகம், அதைச் சுற்றிப் போக அனுமதி கேட்க வேண்டும். பயணி ஒருவர் கழிவறைக்குப் போக எழுந்துவிட்டார் என்று பின்னாலிருந்து பணிப்பெண் மணி அடிக்கிறாள்.

போதாததற்கு, கேப்டனின் சொந்த வேலை ஒன்று. போர்ட் பிளேரின் பத்துபஸ்தியில் அவர் வீட்டு மொட்டை மாடியில் மனைவி நிற்பார். விமானம் எழும்பி அந்தப் பக்கம் திரும்பும்போது இவர் அதன் விளக்கை ஒருமுறை அணைத்து ஏற்றுவார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம். அந்த அம்மாள் பதிலுக்கு ஈரத் துண்டை உதறுவாராம். மேலிருந்து தெரிந்ததில்லை, ஆனாலும் அவர் நம்பினார்.

வாய் ஐயாயிரம் என்று சொன்னது. கை பெட்டியில் ஏழாயிரத்தை வைத்தது. பழக்கதோஷம், வேறென்ன.

வைத்த எண்ணை இருவரும் விரல் நீட்டிப் படித்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. படித்தார்கள். ஏழாயிரத்துக்கு நேராக விரலை நீட்டி, இருவருமே ஐயாயிரம் என்றார்கள்.

ஆனால் வைத்தது யாருடைய கை?

கேப்டன் கையால் ஓட்டும்போது பெட்டியில் எண்ணை மாற்றும் குமிழைத் திருகுவது துணை விமானியின் வேலை. தானியங்கியைப் போட்டுவிட்டால் அது ஓட்டுபவரின் வேலை. உத்தரவு வந்ததும் தானியங்கி போட்டதும் ஒரே மூச்சில் நடந்துவிட்டன. கருப்புப் பெட்டி எண்ணைப் பதியும், விரலைப் பதியாது.

ஜெயராணிக்கு அடுத்த மாதம் கேப்டன் தேர்வு. ஆறு வருடக் காத்திருப்பு. போர்ட் பிளேர் டாலிகஞ்சில் அவள் அம்மா இப்போதே மகளைக் கேப்டன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். கோப்பில் உயரத் தவறு என்று ஒரு வரி ஏறினால், தேர்வு இன்னும் இரண்டு வருடம் தள்ளிப்போகும்.

மேகத்தைக் கடந்து மறுபடி ஏறத் தொடங்கிய பிறகு முத்துகிருஷ்ணன் அவள் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஞாபகமே வரலம்மா. ஏழு வெச்சது நானா?"

"ஆமா சார்," என்றாள்.

பெட்டியில் முன்பிருந்த மூவாயிரத்திலிருந்து நான்கு சொடுக்கு, சொடுக்குக்கு ஆயிரம் அடி. இரண்டோடு நிறுத்தியிருக்க வேண்டும். அவளுடைய இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் அது நன்றாக நினைவிருந்தது.

அவர் வாதாடுவார் என்று எதிர்பார்த்தாள். கொஞ்சம் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"டீக் ஹை. ரிப்போர்ட்ட நானே எழுதிடறேன். நீ பார்த்துச் சொன்னதாலதான் தப்பிச்சோம்னு போடறேன்."

ஜெயராணி இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சென்னையில் இறங்கியபின் சொல்லலாம் என்றும் நினைத்தாள்.

முத்துகிருஷ்ணன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசியபோது அவளிடம் பேசுவதுபோல இல்லை.

"எங்கப்பாவுக்கும் இதே அம்பத்திநாலு வயசுலதான் மறதி தொடங்கிச்சு. கடைசில என்னையே யாருன்னு கேட்டாரு. மெயின்லேண்ட்லயே ஒரு டாக்டரப் பார்த்துடணும். பறக்கறது இன்னையோட போதும்."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் வானொலியில் முப்பத்தாறாயிரத்துக்கு ஏறச் சொல்லி உத்தரவு வந்தது. அதைத் திருப்பிச் சொன்னாள்.

தானியங்கி மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. குமிழைத் திருக வேண்டியவர் கேப்டன். அவர் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"நீயே வெச்சிடும்மா," என்றார்.