அகப்பைக் குடா

சுவிஸின் லுசேர்ண் நகரில் ஹோட்டல் ஒன்றின் சமையலறை. மத்தியான ஆரவாரம் ஓய்ந்துவிட்டது. தட்டுக் கழுவும் இயந்திரம் மட்டும் இரைகிறது. ஏரியில் பட்டுத் தெறிக்கும் வெயில் சட்டிகளில் அசைகிறது. வரைபட அலுவலகத்திலிருந்து ஓடிவந்த கோசலா, பெரிய தாளொன்றை மேசையில் விரித்து, மூலைகளில் உப்புப் போத்தல்களை வைக்கிறாள். அண்டார்டிக்காவின் கரை, நடுவே, இதுவரை பெயரே இல்லாதிருந்த ஒரு குடா. அவள் எழுதிக் கேட்ட பெயரை ஏற்றுக்கொண்டதாக இன்று காலைதான் கடிதம் வந்தது. "அம்மா, பாருங்கோ. அகப்பைக் குடா. உங்கடை அகப்பையை நினைச்சுத்தான் வைச்சனான்." பத்தொன்பது வருடங்களாக இங்கே சூப் கிண்டும் சிவமலர், கையிலிருந்த அகப்பையைத் துடைத்துக் குடாவின்மேல் வைத்துப் பார்க்கிறாள். காம்பின் வளைவு வரை ஒத்துப்போகிறது. சிரிப்பில் அவள் தோள்கள் குலுங்குகின்றன. "சரி, பேர் வைச்சாச்சு. காதிலை மூண்டு தரம் சொன்னனியோ?" "குடாவுக்குக் காது எங்கை அம்மா?" சிவமலர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாளின்மேல் குனிந்து, வாயருகே கையைக் குவித்து, பிறந்த பிள்ளைக்குச் சொல்வதுபோல் மெல்லச் சொல்கிறாள்: "அகப்பைக் குடா. அகப்பைக் குடா." மூன்றாவது தரம் சொல்லுமுன், அடுப்படியில் நின்ற சுவிஸ் செஃப் கையை நீட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தன் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொள்கிறார்.