கடைசி விலை

"அம்மா எப்படித் தவறினாங்கன்னு சொன்னீங்க?"

வீட்டுக்காரர் மறுபடியும் அதையே கேட்டார். அவள் பக்கத்தில் இருந்த கணவனைத் திரும்பிப் பார்த்தாள். வீடு வாங்க வந்தவர்களிடம் கேட்கிற கேள்வியா இது?

"தூக்கத்துலயே போயிட்டாங்க சார்," என்றான் அவள் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பவனுக்குக் குரல் அவ்வளவு லேசில் நடுங்காது.

"எத்தனை வருஷமாச்சு?"

"ரெண்டு," என்றான் அவன்.

"மூணு," என்றாள் அவள், அதே மூச்சில்.

வீட்டுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு முடிஞ்சு மூணு நடக்குது சார்," என்று அவன் சமாளித்தான்.

கல்யாணமான நாளிலிருந்து அவர்களுக்கு வாடகை வீட்டு வாழ்க்கைதான். பெட்டி படுக்கையைக் கட்டுவதும் பிரிப்பதுமாக அவளுக்கு அலுத்துவிட்டது. இப்போதிருக்கும் வீட்டையும் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியாயிற்று. இந்த வீட்டைப் பார்த்த அன்றே, சமையலறை ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடுவது என்பதுவரை அவள் முடிவு செய்துவிட்டாள். தலைகீழாக நின்றாவது இதை வாங்கிவிட வேண்டும்.

சொன்ன விலை ஐம்பது லட்சம். வங்கிக் கடன், சேமிப்பு என்று எதை உருட்டிப் புரட்டினாலும் நாற்பத்திரண்டுதான் தேறியது. என்ன விலைக்குக் கேட்பது என்று இரண்டு பேரும் ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நாற்பதில் ஆரம்பித்து நாற்பத்திரண்டில் நிற்பதாக ஏற்பாடு. "ஆளு மகா கறார். ஒத்தை ரூபா இறங்க மாட்டார்," என்று தரகர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

அந்தக் கறார் மனிதர், நாற்பது என்றதும் மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிட்டார்.

அதுதான் அவளைக் கலவரப்படுத்தியது. பத்து லட்சத்தை யாராவது சும்மா விடுவார்களா? இந்த வீட்டில் ஏதாவது ஆகாதது நடந்திருக்குமோ? எல்லா அறைகளையும் திறந்து காட்டியவர், கூடத்தை ஒட்டியிருந்த ஓர் அறையை மட்டும் காட்டவில்லை. கேட்டதற்கு, "அப்புறம் பாக்கலாம்," என்று நடையை எட்டிப் போட்டார்.

கணவனுக்கோ நப்பாசை பிடித்துக்கொண்டது. நாற்பதுக்குப் படிந்தவர் இன்னும் கொஞ்சம் இறங்க மாட்டாரா? சுவரில் இருந்த வீட்டுக்காரரின் தாயார் படத்தைப் பார்த்தபடி, "எங்களுக்குப் பெரியவங்கன்னு யாரும் இல்ல சார். அம்மா இருந்திருந்தா இந்த நேரத்துல கை கொடுத்திருப்பாங்க," என்று ஆரம்பித்தான். அப்போது பிடித்ததுதான் இந்த அம்மா பேச்சு, மனிதர் விடுவதாக இல்லை.

தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி அவர் எழுந்து போனதும், அவள் கணவனின் முழங்கையை இடித்தாள்.

"என்னங்க, இவரு ஏன் அத்தையையே பிடிச்சுக்கிட்டுத் தொங்கறாரு? எனக்கு என்னமோ சரியாப் படல. எழுந்து போயிடலாம்."

"பைத்தியமா உனக்கு? விலை இறங்குற நேரத்துல. வாயை மூடிக்கிட்டு இரு."

மூடியிருந்த அறைக்குள் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் சட்டென்று அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். தண்ணீரோடு வந்த வீட்டுக்காரர் எதுவும் கேட்காதவர்போல உட்கார்ந்தார்.

"முப்பத்தெட்டுன்னு வச்சுக்கலாமா சார்? அம்மா வைத்தியத்துக்கே கையில இருந்ததெல்லாம் கரைஞ்சு போச்சு."

"தூக்கத்துல போனாங்கன்னு சொன்னீங்க."

"அதுக்கு முன்னாடி ரொம்ப நாள் படுக்கையில இருந்தாங்க."

"சரி. முப்பத்தெட்டு."

"முப்பத்தாறுன்னா எங்களுக்கு ரொம்ப உதவியா இருக்கும் சார்."

வீட்டுக்காரர் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க தம்பி. அவசரமில்ல. உங்க அம்மா இப்ப இல்ல. அப்படித்தானே?"

"இல்ல சார்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்காரர் நீளமாகப் பெருமூச்சு விட்டார்.

"முப்பத்தாறும் சரி. நீங்க எவ்வளவு குறைச்சாலும் எனக்கு ஐம்பது வந்துடும். மிச்சத்தைத் தர்றேன்னு உங்களுக்கு வேண்டப்பட்டவங்க ஒருத்தர் காலையிலேயே வந்துட்டாங்க. என்ன விலைக்குக் கேட்டாலும் தலையாட்டுங்க, நான் குடுக்கறது தெரிய வேண்டாம்னு சொன்னாங்க. நீங்க குறைக்கக் குறைக்க எல்லாம் அவங்க தலையிலதான் ஏறிக்கிட்டு இருக்கு."

கணவனுக்கு வாயெல்லாம் பல். "யாரு சார் அந்தப் புண்ணியவான்?"

"வீடு பாக்கறதைப் பத்தி நீங்க அவங்ககிட்ட மூச்சே விடலியாம். தரகர் சொல்லித்தான் தெரிஞ்சுதாம். உள்ளதான் உக்காந்திருக்காங்க. இவ்வளவு நேரம் நீங்க பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டு."

அறைக் கதவு திறந்தது. துணிப்பை ஒன்றை மார்போடு அணைத்தபடி, நரைத்த தலையோடு ஒருத்தி வாசற்படியில் வந்து நின்றாள். எப்போதும் கிடக்கும் தங்க வளையல் கையில் இல்லை, சங்கிலி இல்லாத வெறும் கழுத்து. கணவனின் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் செத்துப்போன சேதியை எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."