பத்து மார்க்

"செத்துப்போன அம்மாவுக்குப் பத்து மார்க் போடுறாங்கடி. இந்தக் காலத்துல நல்ல விலை. மறக்காம நீயும் சொல்லிடு."

யோசனை சொன்னவள் வேறு யாருமில்லை, துணிக்கடைக்காரியான அம்மாவேதான். அளவுகோலை மடியில் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். எதிரே, வாடிக்கையாளர் ஸ்டூலில் மகள். நர்சிங் கல்லூரி நேர்முகத் தேர்வுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

மகள் தவழும்போதே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவும் இல்லாத பிள்ளைகளுக்கு அந்தக் கல்லூரியில் பத்து மார்க் கூடுதல். மகள் பரீட்சையில் வாங்கியிருந்த மார்க்குக்கு, அந்தப் பத்து சேராவிட்டால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

அதுவரை அம்மா நடத்தியதெல்லாம் கடைப் பாடம். கேட்டவுடன் பதில் சொல்லக் கூடாது, சரக்கு மலிவென்று நினைத்துவிடுவார்கள். தெரியாததை இல்லை என்று சொல்லிவிட்டு, தெரிந்ததை எடுத்து விரித்துப் போட வேண்டும். அதற்கெல்லாம் சிரித்துத் தலையாட்டிய மகளுக்கு இதைக் கேட்டதும் முகம் சுண்டிவிட்டது.

"சர்டிபிகேட் கேப்பாங்கம்மா."

"குடு. அதெல்லாம் கைக்கு வந்துடும்."

மகளுக்குச் சட்டென்று விளங்கியது. ஒரு மாதமாகக் கொள்முதல் என்று மதியத்தில் கடையைச் சாத்திவிட்டுப் போகிறவள், ஒரு துண்டுத் துணிகூட இல்லாமல் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"இதுக்குத்தான் அலைஞ்சியா? எந்தத் தரகன்கிட்ட பேரம் பேசிட்டு வர?"

"பேசிப் பார்த்தேன். படியல."

தரகன் அதிகமாகக் கேட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள் மகள். சாயம் போகாது, சுருங்காது என்று ஊரையெல்லாம் ஏமாற்றியது போதாதா, பெற்ற பெண்ணையும் பொய்க்குப் பழக்க வேண்டுமா என்று பொரிந்து தள்ளினாள். வாய்ச்சண்டையில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத அம்மா, அளவுகோலை விரலால் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சீட்டு போனாப் போகட்டும். குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிற உன்னைச் செத்துட்டதா நான் சொல்ல மாட்டேன்."

மகள் எழுந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கடைசி விலை சொல்லும்போது தணிகிற அதே குரலில் சொன்னாள்:

"பொய் சொல்லச் சொல்லலடி. இன்டர்வியூவுக்கு எட்டு வாரம் இருக்கு, டாக்டர் எனக்கு ஆறுதான் குடுத்திருக்கார். மிச்சம் ரெண்டு வாரம், அதுக்குள்ள அழுது முடிச்சுட்டுப் போ."