சட்னிக்குத் தனிப் பெட்டி

சட்னி கண்ணைத் திறக்கவே இல்லை.

டாக்டர் சில்வெஸ்டர் அதை மேஜைமேல் மல்லாக்கப் போட்டுப் பார்த்தார். பல்லியைக் கண்டாலே கட்டில்மேல் ஏறி நிற்கிறவள் நான். இந்தத் தாடி ஓணானுக்காக மர்பி டவுனிலிருந்து ஆட்டோவில் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே வந்திருந்தேன்.

கடைக்காரர் பியர்டெட் டிராகன் என்றுதான் சொல்லி விற்றார். என் வீட்டுக்காரர் மகள்களுக்கு ஆளுக்கொன்றாக வாங்கி வந்தார். பெரியது இட்லி, பெரியவள் மகாவுடையது. சின்னது சட்னி, சின்னவள் ஸ்ரீலக்ஷ்மியுடையது.

தனித்தனிப் பெட்டி வேண்டும் என்று சின்னவள் அன்றைக்கே தொணதொணத்தாள். “கூடப் பொறந்ததுங்களப் பிரிப்பாங்களாடி?” என்று நான்தான் அதட்டி வைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. சமர்த்து. டிபன் பாக்ஸ் மட்டும் அடிக்கடி அப்படியே திரும்பி வரும்.

இப்போது பிளாஸ்டர் போட்ட விரலால் சட்னியின் வாலைத் தடவிக்கொண்டு நின்றாள். போன வாரம் பீரோ கதவில் நசுங்கிய விரல். மகாதான் ஓடிவந்து சொன்னாள்.

மகா வெளியே பெஞ்சில் போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டையும் ஒண்ணாவா வெச்சிருக்கீங்க?” என்றார் டாக்டர்.

“ஆமா டாக்டர். அவ்ளோ பாசம்! பெருசு எப்பவும் இதும்மேல ஏறித்தான் படுத்துக்கும். இது கையத் தூக்கி டாட்டா காட்டும். வீடியோகூட இருக்கு.”

அவர் சிரிக்கவில்லை.

“பாசம் இல்லம்மா. இதுங்க உடம்புக்குப் பெட்டி பல்போட சூடு வேணும். அதையெல்லாம் பெருசு எடுத்துக்குது, அடியில இதுக்கு ஒண்ணும் கிடைக்கறதில்ல. கையத் தூக்குறது டாட்டாவும் இல்ல. என்னை ஒண்ணும் பண்ணாதேன்னு கெஞ்சுது.”

அந்த வீடியோவைச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பியிருந்தேன். கூடவே, தங்கைமேல் காலைப் போட்டு மகா தூங்குகிற போட்டோவையும் சேர்த்து. எங்க வீட்டு ரெண்டு ஜோடி என்று எழுதி, மேலே ஒரு இதயம் வேறு.

டாக்டர் சட்னியின் காலைப் பிரித்துக் காட்டினார். ஒரு விரலுக்கு நுனி இல்லை.

“கடிச்சிருக்கு. இது திருப்பிச் சண்டை போடாது. பேசாம ஒடுங்கிப்போகும், சாப்பாட்ட விட்டுடும். பாக்குறவங்களுக்குச் சமர்த்தா இருக்குற மாதிரியே இருக்கும். இன்னைக்கே பிரிச்சுடுங்க, பொழச்சுக்கும்.”

அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போகிற வழியிலேயே இன்னொரு கண்ணாடிப் பெட்டி வாங்கிவிடுவதாகச் சொன்னேன். பல்பும் வாங்குகிறேன், எது வேண்டுமானாலும் வாங்குகிறேன் என்றேன்.

“கேட்டியாடி? உன் சட்னிக்கு இனிமே ஒண்ணும் ஆகாது.”

குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். வெளியே மகா போனிலிருந்து தலையைத் தூக்கி உள்ளே பார்த்தாள்.

ஸ்ரீலக்ஷ்மி சட்டென்று என் முதுகுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டாள். என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“என்னையும் தனியா வெச்சுடும்மா.”

பிளாஸ்டர் போட்ட அந்த விரலைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.